ஒன்பதாவது கேள்வியைத் திரும்பச் சேருங்கள்: பழைய சைக்கிள் கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பழைய சைக்கிள் கண்காட்சி நடத்தும் குழுவினருக்கும், அங்கே கடை போடும் சாமான் வியாபாரிகளுக்கும், அந்தச் சாமான்களைச் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும்,

இந்த ஆண்டு விண்ணப்பத் தாளில் எட்டாவது கேள்வி முடிந்ததும் கையெழுத்துப் போடும் இடம் வந்துவிடுகிறது. போன ஆண்டு வரை நடுவில் இன்னொரு கேள்வி இருந்தது. வண்டியில் எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது, அதில் எது பழையது, எது புதிதாகச் செய்த நகல் என்று எழுதச் சொல்லும் ஒன்பதாவது கேள்வி. அதை எடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டேன். அந்தக் கேள்வியால் வருடா வருடம் சண்டை வருகிறது, இனிமேல் வண்டி பார்க்க எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண் என்றீர்கள். பதினோரு ஆண்டுகளாக உங்கள் கண்காட்சிக்கு வண்டி கொண்டுவருகிறவன் நான். இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நகல் பாகங்கள் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எழுபது வயதான ஒரு வண்டியில் எல்லாமே அதனோடு பிறந்ததாக இருக்க வேண்டும் என்றால் ஒரு வண்டியும் ஓடாது. பிரேக் கட்டை தேயும், காட்டர் பின் வளையும், டயர் வெடித்துவிடும். நம் நாட்டில் கருப்பு ரோட்ஸ்டர் சைக்கிள் வெகுகாலம் ஓடியதால் 28 க்கு 1½ டயரும், பிரேக் ராடும், கோனும், பால்ஸும் இன்றைக்கும் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைக்கின்றன. அதன் மேல் செய்தவர் பெயர் இருக்கும். வாங்குகிறவருக்கு அது புதிய சாமான் என்று தெரியும். அவற்றால்தான் என்னிடமுள்ள ஆறு வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றைச் செய்கிற கைகளுக்கு எனக்கு நன்றி உண்டு. என் மனவருத்தம் வேறு வகைச் சாமானைப் பற்றியது. நேற்று பட்டறையில் பிறந்து, இன்று எண்ணெய்த் தாளில் சுற்றி, ராலி சைக்கிள் கம்பெனியின் இங்கிலாந்து ஊரான ‘நாட்டிங்ஹாம்’ என்று பொய்யாகப் பெயர் பொறித்துக்கொண்டு வருகிற சாமான். அதை நகல் என்று சொல்ல மாட்டேன். போலி என்றுதான் சொல்வேன்.

என் ராலி வண்டியின் கதையைச் சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் வாங்கியது. பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப், அதாவது கியரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சக்கர நடு உருளை, ஏ.டபிள்யூ. வகை. ஹப்பின் மேலேயே அது செய்யப்பட்ட ஆண்டு 52 என்று அடித்திருக்கிறது. முன் மட்கார்டில் பாதி தங்கக் கோடு அழிந்துபோய், மீதிக் கோடு கையால் இழுத்தது என்று தெரிகிற மாதிரி லேசாக நடுங்கி நிற்கும். எல்லாம் சரியாக இருந்தது, பெடல் பிராக்கெட்டின், அதாவது பெடல் அச்சு சுழலும் குழாயின், இடது கப் மட்டும் குழி விழுந்துபோயிருந்தது. பால்ஸ் ஓடி ஓடி அரித்த குழி. இரண்டு வருடம் தேடினேன். உங்கள் கண்காட்சி மைதானத்திலேயே ஒரு கடையில் கிடைத்தது. கப்பின் விளிம்பில் ராலி பெயரும் ஊர்ப் பெயரும் பொறித்திருந்தன. பழைய ஸ்டாக் சார், கம்பெனி சாமான், பிரிக்கவே இல்லை என்றார் கடைக்காரர். 2,800 ரூபாய் கொடுத்தேன்.

ராலி வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் மற்ற கம்பெனிகளில் பெரும்பாலானவை பிராக்கெட்டிலும் ஹெட் கப்பிலும் அங்குலத்துக்கு 24 மரை வெட்டின. ராலி பிடிவாதமாகத் தன் வண்டிகளில் 26 மரை வெட்டிற்று. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. 24 மரை கப்பை 26 மரை பிராக்கெட்டில் வைத்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று கையாலேயே போகும், அப்புறம் இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கப் போகும், ஆனால் பிராக்கெட்டின் மரையைச் சீவிக்கொண்டுதான் போகும்.

எங்கள் ஊர் மெக்கானிக் ஐம்பது வருடம் சைக்கிள் பிரித்தவர். அவரும் பொறித்த பெயரைப் பார்த்தார். கம்பெனி சாமான்தானே, புதுசு, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும் என்று முறுக்கினார். தரையில் மினுமினுவென்று இரும்புத் தூள் விழுந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். நிறுத்துங்கண்ணே என்று சொல்வதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் பிராக்கெட்டில் மரை என்று சொல்ல ஒன்றும் இல்லை. 24 மரை கப் அது. அந்த மனிதர் அன்றைக்குக் கூலி வாங்கவில்லை. மறுநாள் காலையில் வந்து, தம்பி, நான் கேஜ் வைத்துப் பார்த்திருக்கணும் என்றார். தவறு அவருடையது இல்லை. மரை பார்க்கும் கேஜ் என் பெட்டியிலேயே கிடந்தது. லோக்கல் சாமான் என்று தெரிந்திருந்தால் நானே முதல் வேலையாக அதை எடுத்து அளந்திருப்பேன். அந்தப் பெயர்தான் எங்கள் இருவர் கையையும் கட்டிப்போட்டது. எழுபது வருடம் தாங்கிய பிரேம் இப்போது என் வீட்டுக் கொல்லையில் ஆணியில் தொங்குகிறது. உள்ளே குழாய் இறக்கி வெல்டு வைத்துக் கொடுக்கிறேன் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். தனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். கைமாறக் கைமாற ஒரு போலி அசலாகிவிடுகிறது. முதலில் செய்தவர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும், அவர் பெயர் சாமானில் இல்லை.

பட்டறைக்காரர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்களில் சிலருடைய கைவேலையைப் பார்த்து அசந்திருக்கிறேன். ராலி செயின் வீலில் அதன் சின்னமான நாரைத் தலைகளை அறுப்பது சாதாரண வேலை இல்லை. ரட்ஜ் வண்டியின் கைச் சின்னம், ஹம்பரின் இரட்டைக் குழாய் ஃபோர்க், பி.எஸ்.ஏ. முகப்பில் சாத்திவைத்த மூன்று துப்பாக்கி, இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். சிறுவயதில் எங்கள் கடையில் மின்சாரம் போனால் அப்பா இருட்டிலேயே செயின் வீலைத் தடவி இது யார் வண்டி என்று சொல்வார். அந்த விரலுக்குக்கூட உங்கள் வேலை ஏமாற்றம் தராது. அப்படிப்பட்ட வேலையில் உங்கள் பெயரைப் போட ஏன் தயங்குகிறீர்கள்?

வண்டியின் முன் குழாயில் கம்பெனிப் பெயரோடு இருக்கும் முகப்பு வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் வில்லைகளில் பெரும்பாலானவை மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்தவை. முன்பக்கம் மேடாக இருக்கும் இடம் பின்பக்கம் பள்ளமாக இருக்கும். இப்போது கடைகளில் வருகிற பலவும் அசலை மண்ணில் பதித்து, உருக்கி வார்த்தவை. பின்பக்கம் தட்டையாக, சொரசொரப்பாக இருக்கும். ஆறும்போது பித்தளை சுருங்குவதால் அசலைவிட ஒரு மயிரிழை சிறிதாகவும் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஆனால் வில்லையை ரிவெட் அடித்து ஹெட் குழாயில் இறுக்கிய பிறகு யார் பின்பக்கம் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த ஆர்வத்துக்கு வந்த ஒரு பையனுக்கு என்ன தெரியும்?

அந்தப் பையனைப் பற்றித்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

என் அப்பா திண்டுக்கல்லில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக் கணக்கில் வாடகை, நோட்டில் பெயர், புதுமுகம் என்றால் தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் மட்கார்டில் பெயிண்டால் எண் எழுதுவார். வண்டி திருடு போனால் அடையாளம் சொல்ல, பிராக்கெட்டின் அடிப்பக்கம் சென்டர் பஞ்சால் மூன்று புள்ளி முக்கோணமாக அடித்து வைப்பார். 14ஆம் நம்பர் வண்டி ஹெர்குலிஸ். 1964இல் மதுரையில் புதிதாக வாங்கி, லாரியில் ஏற்றாமல் அப்பாவே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் சைக்கிள் பழகியது அதில்தான், குரங்குப் பெடல். ஒருமுறை நான் விழுந்து பின்பக்க இடது குழாய் விரிசல் விட்டது. அப்பா பித்தளை வைத்துப் பற்ற வைத்தார். 1993இல் கடையை மூடியபோது எல்லா வண்டியும் போயிற்று.

போன ஆண்டு உங்கள் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய வண்டிக்குப் பக்கத்தில் வைத்த அட்டையில் ‘ஹெர்குலிஸ், பர்மிங்ஹாம், 1938’ என்று எழுதியிருந்தது. பளபளவென்று புது பெயிண்ட், புது நிக்கல் முலாம், பழைய ஆங்கில எழுத்தில் ஸ்டிக்கர், பர்மிங்ஹாம் என்று வார்த்த வில்லை. அழகாகத்தான் இருந்தது. எனக்கு அந்த இடது குழாயில் பெயிண்டுக்கு அடியில் லேசான ஒரு வீக்கம் தெரிந்தது. குனிந்து பிராக்கெட்டின் அடியில் விரலை விட்டேன். மூன்று புள்ளி.

அந்த மைதானத்தில் எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வண்டிக்காரப் பையன் வந்து, ஐயா உடம்பு சரியில்லையா என்று தண்ணீர் கொடுத்தான். கரூர்க்காரன். 45,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான். அவனிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். அவன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. அவன் யாரையும் ஏமாற்றவில்லை, அவனைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். பிறகு நடுவர்களிடம் போனேன். பரிசு அறிவித்தாயிற்று, இனிமேல் கிளறாதீர்கள் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து இந்தப் புதிய விண்ணப்பத் தாள் வருகிறது, ஒன்பதாவது கேள்வி இல்லாமல்.

குழுவினரே, நடந்தது என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். ஹெர்குலிஸ் 1910இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி, உண்மைதான். 1946இல் அதை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற இங்கிலாந்து கம்பெனி வாங்கியது. அவர்களும் முருகப்பா குடும்பமும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை வந்தது. அதுவரை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த வண்டி சென்னைக்குப் பக்கத்திலேயே பிறக்க ஆரம்பித்தது. வாத்தியார், தபால்காரர், பால்காரர், வாடகைக் கடை என்று தமிழ்நாட்டின் பாதி அந்த வண்டிகளில்தான் ஏறிப் போயிற்று. அம்பத்தூரில் பிறந்து திண்டுக்கல் தெருக்களில் முப்பது வருடம் ஓடிய ஒரு வண்டிக்கு பர்மிங்ஹாம் வில்லை மாட்டி, 1938 என்று வயது கூட்டிப் பரிசு கொடுத்திருக்கிறோம். இங்கிலாந்து வண்டி என்றால் பத்து மடங்கு விலை, நம் ஊர் வண்டி என்றால் எடைக்கு. அந்த விலை வித்தியாசம்தான் போலியைச் செய்ய வைக்கிறது. அந்த வித்தியாசத்துக்கு முத்திரை குத்திக் கொடுக்கிற வேலையை உங்கள் கண்காட்சி செய்கிறது. அம்பத்தூர் ஹெர்குலிஸ் என்று அட்டை எழுதி அதே வண்டியை நிறுத்தியிருந்தால், என்னைப் போல எத்தனை பேர் அதன் முன்னால் நின்றிருப்பார்கள்!

புது நகல் எளிதாகக் கிடைப்பதால் இன்னொரு இழப்பும் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மட்கார்டில் கொஞ்சம் துரு, செயின் கவரில் ஒரு நசுங்கல் என்றால், உடனே கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுகிறோம். கழற்றியது காயலான் கடைக்குப் போகிறது. அதிலிருந்த கைக்கோடு, எழுத்து, எண், எல்லாம் போயிற்று. உங்கள் மதிப்பெண் முறையும் அதைத்தான் தூண்டுகிறது. துருவுக்குக் கழிவு, பளபளப்புக்குக் கூடுதல். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தன் வீட்டு வண்டியைக் காட்டினார். போர்க்காலத்தில் மின்சாரமும் பெட்ரோலும் இல்லாத ஆண்டுகளில் அங்கே சைக்கிள்தான் எல்லாமே. வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டிருக்கிறார்கள். அவர் வண்டியின் டைனமோ தலை தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. அதில் யாரோ சுற்றிய துணி நாடா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் இப்போதைய விதிப்படி அந்த வண்டி வந்தால் கடைசி இடம்தான். அந்த டைனமோவைக் கழற்றிவிட்டுப் புதிதாக மில்லர் என்று பழைய இங்கிலாந்து விளக்குக் கம்பெனியின் பெயர் பொறித்த ஒன்றை மாட்டினால் மதிப்பெண் ஏறும்.

உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று சில கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அப்படி நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஸ்டர்மி-ஆர்ச்சரின் நாட்டிங்ஹாம் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தைவானின் சன்ரேஸ் கம்பெனி அந்தப் பெயரை வாங்கி இன்றும் மூன்று கியர் ஹப் செய்கிறது. அது தைவான் சாமான் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் ஸ்வின் கம்பெனி தன் நூறாவது ஆண்டுக்காக, பிளாக் ஃபேண்டம் என்ற தன் பழைய வண்டியை 1995இல் தானே மறுபடி செய்து விற்றது. நூற்றாண்டு மறுபதிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றது. பிரிட்டனில் 1955இல் தொடங்கிய வெட்டரன்-சைக்கிள் கிளப்பில், வண்டியின் வயதை ஆராய்ந்து சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே நகல் மாட்டிய வண்டியை யாரும் விரட்டுவதில்லை. நகல் என்று சொன்னால் விலை குறையும் என்பது உண்மைதான். பொய்க்காகக் கொடுத்த விலை மட்டும்தான் அப்படிக் குறையும்.

சரி, நான் கேட்பது இதுதான்.

கண்காட்சிக் குழு ஒன்பதாவது கேள்வியை இந்த ஆண்டு விண்ணப்பத்திலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். அதில் எழுதியதை வண்டிக்குப் பக்கத்து அட்டையிலும் எழுதி வைக்க வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதட்டும், அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். சண்டை வருகிறது என்றால், மரை கேஜும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்க்கத் தெரிந்த இரண்டு பழைய மெக்கானிக்குகளை நடுவர் வரிசையில் உட்கார வையுங்கள். பெயிண்ட் அடிக்காத, பிரிக்காத வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வேண்டும். அம்பத்தூர், அசன்சோல் என்று இந்த நாட்டில் பிறந்த வண்டிகளுக்கும் ஒரு தனிப் பிரிவு வேண்டும். கரூர்ப் பையனின் பரிசைத் திரும்பக் கேட்காதீர்கள். அட்டையை மட்டும் திருத்துங்கள்.

பட்டறைக்காரர்கள் தாங்கள் செய்யும் ஒவ்வொரு நகலிலும், மாட்டினால் வெளியே தெரியாத பக்கத்தில் ‘ந’ என்ற ஓர் எழுத்தையும், செய்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களையும் பஞ்ச் செய்ய வேண்டும். வில்லைக்குப் பின்பக்கம், கப்புக்கு உள்பக்கம், செயின் வீலுக்கு கிராங்க் மூடும் இடம். முன்பக்க அழகு ஒன்றும் கெடாது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இங்கே செய்த சாமானில் பொறிப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். ஹப்பில் பழைய ஆண்டு எண் அடிப்பதையும், பிரேமில் பழைய நம்பரை அரத்தால் ராவிவிட்டு வேறு நம்பர் அடிப்பதையும் யார் கேட்டாலும் செய்து கொடுக்கக் கூடாது. மரை எத்தனை என்று உறையில் எழுதுங்கள். அது ஒன்றைச் செய்திருந்தாலே என் பிரேம் பிழைத்திருக்கும்.

வியாபாரிகள் பில்லில் பழையது, புதிது, தெரியாது என்ற மூன்றில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் செய்யாத கடைக்குக் குழு மைதானத்தில் இடம் கொடுக்கக் கூடாது. கழற்றிப் போட்ட பழைய பாகங்களைக் கொண்டுவந்து போட நுழைவாயிலில் ஒரு பெட்டி வையுங்கள். எனக்குத் தேவையில்லாத நசுங்கிய மட்கார்டு இன்னொருவருக்கு ஐந்து வருடத் தேடலாக இருக்கலாம்.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசித் தேதிக்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். கேள்வி திரும்ப வரவில்லை என்றால் இந்த ஆண்டு என் ஆறு வண்டிகளும் வராது. வந்தால் வண்டிகளோடு அப்பாவின் பஞ்ச் பெட்டியையும் கொண்டுவருகிறேன். எந்தப் பட்டறைக்காரராவது தன்னிடம் இருக்கும் நகல் சாமான்களை மேசைக்குக் கொண்டுவந்தால், உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் அந்த ஓர் எழுத்தை நானே அடித்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
14ஆம் நம்பர் வண்டியில் சைக்கிள் பழகியவன்